பூட்டி வைத்த கணக்கு: நரேந்திர கர்மார்க்கரின் கதை

பி.காம், பி.பி.ஏ. படிக்கிறவர்களுக்கு ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்றதும் ஞாபகத்துக்கு வருவது சிம்ப்ளெக்ஸ் டேபிள்தான். கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் கழித்தல் தப்பினால் மூன்று பக்கக் கணக்கும் போச்சு! பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற இந்த டேபிளுக்குப் பின்னால் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது.

1947இல் பிறந்த சிம்ப்ளெக்ஸ் முறைக்கு ஏறத்தாழ 37 வருடம் நடைமுறையில் போட்டியே இல்லை. 1984இல் அதற்கு ஒரு போட்டியைக் கொண்டுவந்தவர் 28 வயது இந்தியர் ஒருவர். பெயர் நரேந்திர கர்மார்க்கர். அவர் கண்டுபிடித்த முறை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. அதே முறையை அவர் வேலை பார்த்த கம்பெனி பூட்டி வைத்து விற்கவும் பார்த்தது. ஒரு கணக்குப் போடும் வழியை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

லீனியர் புரோகிராமிங் (நேரியல் திட்டமிடல்) தெரியாதவர்களுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி. 6 ஏக்கர் நிலம் இருக்கிறது. தக்காளி போடலாம், ராகி போடலாம். தக்காளிக்கு ஏக்கருக்கு 60 ஆள் வேலை, ராகிக்கு 20 ஆள் வேலை. அவரால் மொத்தமாக 200 ஆளுக்குத்தான் கூலி கொடுக்க முடியும். தக்காளியில் ஏக்கருக்கு 30,000 ரூபாய் லாபம், ராகியில் 12,000 ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்வோம். எதை எவ்வளவு போட வேண்டும்?

லாபம் அதிகம் என்று தக்காளி மட்டும் போட்டால் மூன்றேகால் ஏக்கர் சொச்சத்தில் கூலிப் பணம் தீர்ந்துவிடும். லாபம் 1,00,000. ராகி மட்டும் போட்டால் 72,000. ஆனால் 2 ஏக்கர் தக்காளி, 4 ஏக்கர் ராகி என்று பிரித்தால் நிலமும் சரியாகத் தீரும், ஆளும் சரியாக 200 வரும். லாபம் 1,08,000. இதைவிட அதிகம் எப்படிப் போட்டாலும் வராது.

இதை கிராஃப் பேப்பரில் வரைந்தால் நான்கு மூலை உள்ள ஒரு வடிவம் கிடைக்கும். விடை அதன் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். இந்த வகைக் கணக்குகளுக்கெல்லாம் பொதுவான குணம் இது. மிகச் சிறந்த விடை என்று ஒன்று இருந்தால், அது ஏதோ ஒரு மூலையிலாவது கட்டாயம் கிடைக்கும்.

இரண்டு பயிர் என்றால் நான்கு மூலை. ஒரு விமான கம்பெனிக்கு ஆயிரக்கணக்கான பணியாளர்கள், நூற்றுக்கணக்கான விமானங்கள். அங்கே மூலைகளை எண்ணி முடிக்கவே முடியாது. எந்த மூலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூலை மூலையாக நடந்தவர்கள்

1938இல் சோவியத் யூனியனில் லியோனிட் கன்டோரோவிச் என்ற கணித மேதையிடம் ஒரு பிளைவுட் ஆலையின் பிரச்சினை வந்தது. இருக்கும் இயந்திரங்களுக்கு வேலையை எப்படிப் பிரித்தால் உற்பத்தி கூடும்? அதிலிருந்துதான் அவர் இந்தக் கணித முறையை உருவாக்கினார். ஆனால் அந்தச் செய்தி வெளி உலகுக்குப் போய்ச்சேரப் பல வருடம் ஆயிற்று.

1947இல் அமெரிக்க விமானப் படைக்காக வேலை பார்த்த ஜார்ஜ் டான்ட்சிக், சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். ஒரு மூலையில் ஆரம்பி. பக்கத்து மூலை இதைவிட லாபமா என்று பார். லாபம் என்றால் அங்கே போ. எந்தப் பக்கத்து மூலையும் லாபம் இல்லை என்றால் அதுதான் விடை. அவ்வளவுதான் சிம்ப்ளெக்ஸ்!

அதைச் சோதித்துப் பார்க்க ஒரு பெரிய கணக்கு வேண்டியிருந்தது. ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் 1945இல் ஒரு கேள்வியை வெளியிட்டிருந்தார். ஒரு மனிதனுக்குத் தேவையான 9 சத்துகளும் கிடைக்க வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும். 77 உணவுப் பொருள்களில் எதை எவ்வளவு வாங்குவது? அவரே ஊகமாகப் போட்டுப் பார்த்து, 1939 விலையில் வருடத்துக்கு 39.93 டாலர் என்று ஒரு விடை சொன்னார். 1947இல் இதே கணக்கை சிம்ப்ளெக்ஸ் முறையில் போட 9 குமாஸ்தாக்கள் கை கால்குலேட்டரோடு உட்கார்ந்தார்கள். சுமார் 120 ஆள் நாள் ஆயிற்று. வந்த விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகம் வெறும் 24 சென்ட்தான் தப்பியிருந்தது!

கம்ப்யூட்டர் வந்த பிறகு சிம்ப்ளெக்ஸ் எங்கும் பரவியது. எண்ணெய் சுத்திகரிப்பு, லாரி போக்குவரத்து, ராணுவம் என்று எல்லா இடத்திலும் அதுதான். டான்ட்சிக் இதற்குக் காப்புரிமை எதுவும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், புரோகிராம் எழுதலாம். இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1975இல் கன்டோரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. டான்ட்சிக்குக் கிடைக்கவில்லை. அது இன்னொரு சோகக் கதை.

சிம்ப்ளெக்ஸுக்கு விழுந்த அடி

1972இல் விக்டர் கிளீ, ஜார்ஜ் மின்டி என்ற இருவர் சிம்ப்ளெக்ஸ் முறையை வேண்டுமென்றே திணறடிக்கிற ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஆரம்பித்தால் விடைக்குப் போய்ச்சேரும் முன் எல்லா மூலைகளையும் சுற்றிவிட்டுத்தான் போகும். வெறும் 20 மாறிகள் (வேரியபிள்) இருந்தால்கூட 10 லட்சத்துக்கும் அதிகமான மூலைகள்! நடைமுறைக் கணக்குகளில் இப்படி நடப்பதில்லை. ஆனால் நடக்காது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று ஆகிவிட்டது.

1979இல் சோவியத் கணிதவியலாளர் லியோனிட் காச்சியன் அந்த உத்தரவாதத்தைக் கொண்டுவந்தார். நீள்வட்ட வடிவங்களைச் சுருக்கிக்கொண்டே போய் விடையைப் பிடிக்கும் 'எலிப்சாய்டு' முறையை அவர் இதற்குப் பயன்படுத்தினார். எந்தக் கணக்காக இருந்தாலும் ஒரு கட்டுக்குள் முடியும் என்று நிரூபித்தார். தியரியில் மாபெரும் வெற்றி. ஆனால் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது ஆமை வேகம். கணக்கு இரண்டு மடங்கானால் வேலை, மோசமான நிலையில், சுமார் 64 மடங்கு கூடும் என்கிற மாதிரியான கட்டு அது.

ஆக 1980களின் தொடக்கத்தில் நிலைமை இதுதான். உத்தரவாதம் இல்லாத சிம்ப்ளெக்ஸ் வேகமாக ஓடியது. உத்தரவாதம் உள்ள எலிப்சாய்டு நகரவே இல்லை. இரண்டும் சேர்ந்த ஒன்று கிடைக்காதா?

குவாலியரிலிருந்து பெல் லேப்ஸ் வரை

நரேந்திர கர்மார்க்கர் குவாலியரில் பிறந்தவர். 1978இல் மும்பை ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிகல் எஞ்சினியரிங் முடித்தார். கலிபோர்னியாவின் கால்டெக்கில் எம்.எஸ். பிறகு பெர்க்லியில் ரிச்சர்ட் கார்ப் என்ற பெரிய கணினி அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து 1983இல் டாக்டர் பட்டம்.

பெர்க்லியில் இருந்தபோதே கார்ப்போடு சேர்ந்து 1982இல் இரண்டு முக்கியமான வேலைகளைச் செய்திருந்தார். ஒன்று, எண்களை இரண்டு குவியலாக முடிந்தவரை சமமாகப் பிரிப்பது. இன்னொன்று, பல அளவுப் பொருள்களை முடிந்தவரை குறைவான பெட்டிகளில் அடுக்குவது. இந்தப் பெட்டிக் கணக்கில் அவர்கள் பயன்படுத்தியது காச்சியனின் எலிப்சாய்டு முறையைத்தான்! அந்த முறையின் பலமும் பலவீனமும் கர்மார்க்கருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும். 1984இல் வந்த கண்டுபிடிப்பு ஆகாயத்திலிருந்து குதித்தது இல்லை.

படிப்புக்குப் பிறகு அவர் சேர்ந்தது நியூஜெர்சியில் உள்ள பெல் லேப்ஸ். டிரான்சிஸ்டர் பிறந்த இடம். ஏடி அண்டு டி என்ற டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம்.

உள்ளே புகுந்த வழி

பட்டை தீட்டிய ஒரு வைரக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் எறும்பு. விடை எதிர்ப் பக்க மூலையில். சிம்ப்ளெக்ஸ் எறும்பு கல்லின் விளிம்புகளிலேயே ஊர்ந்து மூலை மூலையாகப் போகும். கல்லுக்கு முகங்கள் கூடக் கூட நடையும் கூடும். கர்மார்க்கர் கேட்டது, ஏன் வெளியே சுற்ற வேண்டும், கல்லுக்குள்ளேயே புகுந்து நேராகப் போனால் என்ன என்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே ஒரு சுவருக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு அடி வைப்பதற்குள் சுவரில் முட்டிக்கொள்ளும். நடுவில் நின்றால்தான் எந்தப் பக்கமும் தாராளமாக நகரலாம். அதற்குக் கர்மார்க்கர் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு அடி வைத்த பிறகும், தான் நிற்கும் இடம் நடுவாக வரும்படி வடிவத்தையே மாற்றிக்கொள்வது. 'புரொஜெக்டிவ்' மாற்றம் என்று இதற்குப் பெயர். சாய்வாகப் பார்த்தால் ஒரு படம் நீண்டும் குறுகியும் தெரிகிறதல்லவா, அதே ஜியோமிதிதான். மாற்று, ஒரு பெரிய அடி வை, மறுபடி மாற்று. இப்படியே விடைக்கு மிக அருகில் போய்விடலாம்.

இதற்கு உத்தரவாதமும் இருந்தது. காச்சியனின் கட்டில் 64 மடங்கு என்றால், கர்மார்க்கரின் கட்டில் அது சுமார் 11 மடங்கு. நடைமுறையிலோ இன்னும் நல்ல சேதி. மிகப் பெரிய கணக்குகளுக்குக்கூடச் சில பத்து அடிகளிலேயே விடை கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். அதை வேகமாகவும் பிழை சேராமலும் செய்வதில்தான் எண்முறைக் கணிப்பின் சூட்சுமம் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தச் சூட்சுமத்தைத்தான் கம்பெனி வெளியே விடவில்லை.

கம்பெனி போட்ட பூட்டு

1984இல் கர்மார்க்கரின் கட்டுரை வெளிவந்தது. நவம்பர் 19ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. சிம்ப்ளெக்ஸைவிட 50 மடங்கு வேகம் என்ற பேச்சு பரவியது. பல வருடமாக சிம்ப்ளெக்ஸோடு குடித்தனம் நடத்தியவர்கள் புரோகிராமைக் காட்டச் சொன்னார்கள், நாங்களும் ஓட்டிப் பார்க்கிறோம் என்றார்கள். ஏடி அண்டு டி மறுத்துவிட்டது.

ஏன் மறுத்தது? காமர்ஸ் மாணவர்களுக்கு இந்த இடம் சுவாரசியமானது. 1956இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஏடி அண்டு டி டெலிபோன் ஏகபோகத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் இறங்கக் கூடாது. காப்புரிமைகளையும் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். 1984 ஜனவரி 1ஆம் தேதி அந்த ஏகபோகம் உடைக்கப்பட்டது. உள்ளூர் டெலிபோன் கம்பெனிகள் பிரிந்து போயின. பதிலுக்கு, கம்ப்யூட்டர் வியாபாரத்துக்கு இருந்த தடை நீங்கியது. அதுவரை கண்டுபிடித்ததை ஊருக்குக் கொடுத்த ஆராய்ச்சிக்கூடம், இனிமேல் அதை விற்றுக் காசாக்க வேண்டும். அந்த மாற்றம் நடந்த அதே வருடத்தில் கர்மார்க்கரின் கணக்கு பிறந்தது.

1988 மே 10ஆம் தேதி கர்மார்க்கர் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 4744028. பெல் லேப்ஸைச் சேர்ந்த மற்றவர்களின் தொடர்புள்ள முறைகளுக்கும் கூடவே காப்புரிமை கிடைத்தது. 'கோர்பெக்ஸ்' என்ற பெயரில் கம்ப்யூட்டரும் சாஃப்ட்வேரும் சேர்ந்த ஒரு பொருளைக் கம்பெனி விற்பனைக்கு விட்டது. விலை 89 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 12 கோடி ரூபாய்! அமெரிக்க விமானப் படையின் சரக்குப் போக்குவரத்துப் பிரிவு மாதிரி வெகு சிலர்தான் வாங்கினார்கள். வியாபாரம் ஓடவில்லை.

பூட்டை யார் திறந்தது?

கம்பெனி காட்டாவிட்டால் என்ன? கட்டுரை வெளியே இருந்ததே! உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள்.

1986இல் கில், முர்ரே, சாண்டர்ஸ், டாம்லின், ரைட் என்ற ஐந்து பேர் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். கர்மார்க்கர் முறை, 1950, 60களிலேயே இருந்த 'லாகரிதமிக் பேரியர்' என்ற பழைய முறைக்கு நெருங்கிய சொந்தம் என்பது தெரிந்தது. சுவருக்குப் பக்கத்தில் போகப் போக அபராதம் ஏறும்படி வைத்து, உள்ளேயே நடக்கச் செய்கிற முறை அது. ஒரு காலத்தில் இது உதவாது என்று கைவிட்டிருந்தார்கள்.

இன்னொரு ஆச்சரியமும் காத்திருந்தது. கர்மார்க்கர் முறையை எளிதாக்கி 1986 வாக்கில் சிலர் ஒரு வடிவம் கொடுத்தார்கள். நடைமுறையில் நன்றாக ஓடியது அதுதான். கர்மார்க்கரே மூன்று பேரோடு சேர்ந்து 1989இல் வெளியிட்ட செயல்முறைக் கட்டுரையில் இருப்பதும் அதன் ஒரு வகைதான். பிறகு பார்த்தால், இல்யா டீக்கின் என்ற சோவியத் கணிதவியலாளர் 1967லேயே அந்த எளிய வடிவத்தைப் பிரசுரித்திருந்தார்! இருபது வருடம் அதை மேற்கில் யாரும் கவனிக்கவில்லை.

அப்படியானால் கர்மார்க்கர் செய்தது ஒன்றுமில்லையா? அப்படிச் சொன்னால் அநியாயம். டீக்கினின் கட்டுரையில் வேகத்துக்கான உத்தரவாதம் இல்லை. பேரியர் முறைக்காரர்கள் லீனியர் புரோகிராமிங்கில் சிம்ப்ளெக்ஸை வெல்ல முடியும் என்று நினைக்கவே இல்லை. உள்ளே நடந்தால் உத்தரவாதமும் கிடைக்கும், வேகமும் கிடைக்கும் என்று உலகத்தை நம்ப வைத்தவர் கர்மார்க்கர். அவர் கதவைத் திறந்த பிறகுதான் உள்ளே ஏற்கெனவே இருந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

அந்தக் கதவு வழியாகப் பலர் நுழைந்தார்கள். 1992இல் சஞ்சய் மெஹ்ரோத்ரா என்ற இன்னொரு இந்தியர் கொடுத்த 'பிரெடிக்டர் கரெக்டர்' வடிவம் பெரும்பாலான சாஃப்ட்வேர்களுக்கு அடிப்படை ஆயிற்று. 1994இல் நெஸ்டரோவ், நெமிரோவ்ஸ்கி இருவரும் எழுதிய புத்தகம் இந்த யோசனையை லீனியர் புரோகிராமிங்குக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோயிற்று. போட்டி வந்ததும் சிம்ப்ளெக்ஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை, தங்கள் புரோகிராமைப் பல மடங்கு வேகமாக்கினார்கள். இன்றைய பெரிய சாஃப்ட்வேர்களில் இரண்டு முறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சில கணக்கில் அது ஜெயிக்கும், சில கணக்கில் இது.

கர்மார்க்கருக்கு விருதுகள் வந்தன. 1984இல் லான்செஸ்டர் பரிசு, 1988இல் ஃபுல்கர்சன் பரிசு, 2000இல் பாரிஸ் கனெல்லாகிஸ் விருது. கடைசியாகச் சொன்னது, நடைமுறையில் பெரிய மாற்றம் கொண்டுவந்த தியரிக்குக் கொடுக்கப்படுவது. அவர் இந்தியா திரும்பி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தார். தன் முறையின் ஒவ்வொரு அடியிலும் வரும் அந்தப் பெரிய சமன்பாடுகளை வேகமாகத் தீர்க்க, கம்ப்யூட்டரையே புது மாதிரியாக வடிவமைக்கலாம் என்று 1991இலேயே எழுதியிருந்தார். அதற்கும் அவர் நம்பியது அதே புரொஜெக்டிவ் ஜியோமிதியைத்தான்!

கணக்குக்குச் சொந்தக்காரர் யார்?

காப்புரிமைக்கு எதிர்ப்பு பல இடங்களில் எழுந்தது. ஜப்பானில் ஹிரோஷி கொன்னோ என்ற பேராசிரியர் கர்மார்க்கர் காப்புரிமையை எதிர்த்து வழக்கே நடத்தினார். அதைப் பற்றி 1995இல் ஒரு புத்தகமும் எழுதினார். கணிதம் என்பது எல்லோருக்கும் பொது, அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் மட்டும் தனிச்சொத்து ஆகிவிடுமா என்பதுதான் எதிர்த்தவர்களின் கேள்வி.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவர்கள் லாபம் எதிர்பார்ப்பது இயல்புதானே? மருந்துக் கம்பெனிக்குக் கொடுக்கிற உரிமையைக் கணக்குக் கண்டுபிடித்தவருக்கு ஏன் மறுக்க வேண்டும்?

இந்தியா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தின்படி, கணித முறை, வியாபார முறை, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராம், அல்காரிதம் ஆகியவை கண்டுபிடிப்பாகக் கருதப்படாது. அது 3(கே) பிரிவு. 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டம் இதைத் தளர்த்தப் பார்த்தது. 2005இல் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியபோது அந்தத் தளர்வு கைவிடப்பட்டது. ஆகவே ஒரு இந்தியர் கண்டுபிடித்த இந்த முறையை அப்படியே கொண்டுவந்தால் இந்தியச் சட்டப்படி யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

2000களின் நடுவில் அமெரிக்கக் காப்புரிமையும் காலாவதி ஆனது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. 89 லட்சம் டாலர் பெட்டி அதற்கு முன்பே பழங்கதை ஆகியிருந்தது.

டான்ட்சிக்கின் கணக்கு திறந்து கிடந்தது. அதனால்தான் அதன் ஓட்டையை கிளீயும் மின்டியும் கண்டுபிடிக்க முடிந்தது, அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. கர்மார்க்கரின் கணக்கில் உலகத்துக்குப் பயன்பட்டது, அவர் கட்டுரையாக வெளியே விட்ட பகுதி. பூட்டி வைத்த பகுதி உண்மையா பொய்யா என்றுகூட ஆரம்பத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஆடிட்டர் பார்க்காத பேலன்ஸ் ஷீட்டை வைத்துப் பேங்க்காரன் பெரிய கடன் கொடுப்பானா? கணிதத்துக்கும் அதே நியாயம்தான்.

அடுத்த முறை சிம்ப்ளெக்ஸ் டேபிள் போடும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டங்களை யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் காசு கட்டாமல் போடுகிறோம். கழித்தல் தப்பினால் மார்க்தான் போகும்!